கை கால் விழுந்துருச்சா, மயக்கமா, படபடப்பா: அயான் சேனல் பக்கமிருந்து கோளாற கண்டுபிடிக்கிற வழி

மதுரைல நர்சிங் படிக்கிற, ஈசிஜி டெக்னீசியன் படிக்கிற பிள்ளைகளுக்கு பிசியாலஜி எடுக்குறேன். அயான் சேனல்னா செல்லோட சவ்வுல சோடியம், பொட்டாசியம் மாதிரி உப்புங்க போய் வர்ற கதவு, அந்த பாடம்னாலே முகம் சுருங்கிப்போகும், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துருவாங்க. ஆனா வார்டுல வந்து நிக்கிற எத்தனையோ கேஸுக்கு அடிவேர் இந்த சேனல்லதான் இருக்கு. அதனால பாடமா இல்லாம அறிகுறி அறிகுறியா எழுதுறேன், வீட்ல நோயாளிய வச்சிருக்கவங்களுக்கும் புரியணும்னு. இத படிச்சிட்டு யாரும் வீட்லயே வைத்தியம் பாத்துராதீங்க, டாக்டர்கிட்ட எத சொல்லணும், எந்த டெஸ்ட கேக்கணும்ங்கிறதுக்குத்தான் இது.

முதல்ல ஒரு விஷயம் மட்டும் பிடிபடணும். செல்லுக்கு வெளிய சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் வாக்குல இருக்கு, உள்ள 10, 15தான். பொட்டாசியம் நேர்மாறு, உள்ள 140, வெளிய வெறும் 3.5லேர்ந்து 5. கால்சியம் உள்ள இருக்கதவிட வெளிய பத்தாயிரம் மடங்கு. மேலூர் பக்கம் கண்மாய் நெறஞ்சு நிக்கும், மடைக்கு அங்கிட்டு வயல் காஞ்சு கெடக்கும், மடைய தெறந்தா யாரும் தள்ள வேண்டியதில்ல, தண்ணி தானா பாயும்ல, அந்த மடைதான் சேனல். மட்டத்த திரும்ப ஏத்தி வைக்கிற மோட்டார்தான் சோடியம் பொட்டாசியம் பம்ப், ஒவ்வொரு சுத்துக்கும் 3 சோடியத்த வெளிய தள்ளி 2 பொட்டாசியத்த உள்ள இழுக்கும். இந்த பம்ப 1957ல சொன்ன டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோவுக்கு 1997ல நோபல் கிடைச்சது.

நரம்பு செல் சும்மா இருக்கப்ப உள்பக்கம் மைனஸ் 70 மில்லிவோல்ட் வாக்குல நிக்கும், இதயத்தோட கீழறை தசை மைனஸ் 90ல நிக்கும். சிக்னல் வந்தா சோடியம் சேனல் படார்னு தெறக்கும், சோடியம் உள்ள பாயும், வோல்டேஜ் பிளஸ்ஸுக்குப் போகும், அப்புறம் பொட்டாசியம் வெளிய போயி பழைய நெலைக்கு கொண்டாந்துரும். நரம்புல இதெல்லாம் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல முடிஞ்சிரும், இதயத்துல நடுவுல கால்சியம் சேனல் தெறந்து நிக்கிறதால 200, 300 மில்லிசெகண்ட் இழுக்கும், அந்த இழுவையிலதான் இதயம் சுருங்குது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லிங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க 1952ல கணவாய் மீனோட தடிச்ச நரம்ப வச்சு கணக்கா எழுதுனது இந்த சோடியம், பொட்டாசியம் ஓட்டத்தத்தான்.

இப்ப நல்லா கவனிங்க. சோடியம் சேனலுக்கு மூணு நெல உண்டு. மூடியிருக்கும், தெறந்திருக்கும், மூணாவது லாக் ஆகியிருக்கும். தெறந்த உடனே ஒரு மில்லிசெகண்டுக்குள்ள லாக் விழுந்துரும், வோல்டேஜ் திரும்ப மைனஸுக்கு நல்லா இறங்குனாத்தான் லாக் விடும். கீழ வர்ற பாதிக் கோளாறு இந்த லாக்குலதான் வந்து முடியும்.

எந்த அறிகுறி வந்தாலும் நான் பிள்ளைகளுக்கு சொல்றது மூணே கேள்வி. ரத்தத்துல உப்புகளோட அளவு மாறிருச்சா, சேனலே பிறவியிலேயே கோளாறா, இல்ல மாத்திரையோ விஷமோ சேனல்ல போயி உக்காந்துருக்கா. இதுக்கு ரத்தத்துல அந்த உப்புகள அளக்குற ஒரு எலக்ட்ரோலைட்ஸ் ரிப்போர்ட், ஒரு ஈசிஜி, சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும் போதும், வழி தெரிஞ்சிரும். இதுல எதுவும் பெரிய செலவு இல்ல, ஆனா இத கேக்காம விட்டுத்தான் உயிர் போகுது.

காலைல எந்திரிச்சா ரெண்டு காலும் வரல

20, 30 வயசு ஆம்பளப் பையன், முந்துன நாள் நல்லா உழைச்சிருப்பான் இல்ல கபடி வெளாண்டுருப்பான், ராத்திரி கெடா வெட்டு விருந்துல வயிறார சோறு, இனிப்பு, படுத்துட்டான், விடியக்காலைல பாத்தா எந்திரிக்க முடியல. நினைவு தெளிவா இருக்கு, பேச்சு நல்லா இருக்கு, தொட்டா தெரியுது, ஆனா தொடையத் தூக்க முடியல. வீட்ல பக்கவாதம்ங்கிறாங்க, காத்து கருப்பு அடிச்சிருச்சுங்கிறாங்க. இங்க முதல்ல நினைக்க வேண்டியது பொட்டாசியத்த.

சோறும் இனிப்பும் நெறைய போனா இன்சுலின் சுரக்கும், இன்சுலின் அந்த பம்ப முடுக்கி விடும், ரத்தத்துல இருக்க பொட்டாசியம் தசைக்குள்ள ஓடிப்போயிரும். நமக்கெல்லாம் அதனால ஒண்ணும் ஆகாது. ஆனா சில குடும்பத்துல தசையோட கால்சியம் சேனல்லயோ சோடியம் சேனல்லயோ வோல்டேஜ உணர்ற பகுதி பிறவியிலேயே ஒழுகும். வெளிய பொட்டாசியம் குறைஞ்சா அந்த ஒழுக்கு மிஞ்சிப்போயி தசை மைனஸ் 90ல நிக்க முடியாம மைனஸ் 60 பக்கம் ஏறி நின்னுக்கும், சோடியம் சேனல் அம்புட்டும் லாக் ஆயிரும். நரம்பு உத்தரவு போடுது, தசைக்கு கேக்கல. அதான் வாதம் மாதிரி தெரியுது, ஆனா மூளைல ஒண்ணுமே இல்ல.

நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு இது வந்தா தைராய்டையும் பாத்தே ஆகணும். தைராய்டு கூடுதலா சுரக்கிறதால வர்ற இதே வாதம் ஆசிய ஆம்பளைங்ககிட்டதான் அதிகம். எடை குறைஞ்சிருக்கா, கை நடுங்குதா, சும்மா இருக்கப்பவே வேர்க்குதா, பல்ஸ் வேகமா இருக்கானு கேளுங்க. தைராய்ட சரி பண்ணுனா வாதம் வர்றதே நின்னுரும்.

இதுல ஒரு தப்பு நெறைய நடக்குது, சொல்லியே ஆகணும். கை கால் சோர்ந்து வந்தவனுக்கு தெம்புக்குனு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துறது. குளுக்கோஸ் போனா இன்சுலின் ஏறும், இன்சுலின் ஏறுனா பொட்டாசியம் இன்னும் உள்ள போகும், வாதம் கூடும், சில சமயம் மூச்சு தசைக்கும் இதயத்துக்கும் போயிரும். "குளுக்கோஸ் போடுறதுக்கு முந்தி பொட்டாசியம் பாத்துருங்க சார்"னு கேக்க தயங்காதீங்க. ஈசிஜில ஒவ்வொரு துடிப்பும் அடங்குறத காட்டுற டி அலை சப்பையா இருக்கும், பின்னாடியே யூ அலைங்கிற குட்டி மேடு தெரியும். பொட்டாசியம் சிரப் வாய்வழியா குடுத்தா சில மணி நேரத்துல எந்திரிச்சு உக்காந்துருவான். ஊசியில குடுக்கணும்னா பாட்டில்ல கலந்து மெதுவாத்தான், நேரா ரத்தக்குழாய்ல தள்ளுனா இதயம் அங்கேயே நின்னுரும். அளவாவும் குடுக்கணும், ஏன்னா இவன் உடம்புல பொட்டாசியம் எங்கயும் போகல, எடம்தான் மாறியிருக்கு, அது திரும்பி வர்றப்ப ரத்தத்துல கூடிப்போகும். பேதியில இழந்தவங்க, நீர் மாத்திரை சாப்பிடுறவங்க கத வேற, அவங்களுக்கு நெஜமாவே கொறஞ்சிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் விழுந்து வாய் கோணுனா இந்த கதையே இல்ல, அது ஸ்ட்ரோக், நாலரை மணி நேரத்துக்குள்ள சிடி ஸ்கேன் இருக்க ஆஸ்பத்திரி போயாகணும். கால்ல ஆரம்பிச்சு நாள்கணக்குல மேல ஏறுதுன்னா நரம்ப சுத்தியிருக்க உறை கெடுற நோயா இருக்கலாம். கண் இமை தொங்குது, முழுங்க முடியல, ராத்திரி தரைல படுத்துருந்தாருன்னா கட்டுவிரியன் பாம்பு கடிச்சிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி போங்க, விவரம் கீழ தேள் பகுதியோட கடைசில இருக்கு.

டயாலிசிஸ்ல இருக்கவரு திடீர்னு தொவண்டு போறாரு, நாடி மெதுவா அடிக்குது

சித்திரை வெயில்ல இளநி குடிச்சா நல்லதுன்னு பாசமா வாங்கிக் குடுப்பாங்க. இளநில 100 மில்லிக்கு 200 மில்லிகிராம் வாக்குல பொட்டாசியம் இருக்கு, நல்ல கிட்னி அத வெளிய தள்ளிரும், கெட்டுப்போன கிட்னியால முடியாது. கூடவே பிரஷருக்கு ராமிபிரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை ஓடும், அதுவும் பொட்டாசியத்த ஏத்தும். கடைல சோடியம் கம்மின்னு விக்கிற உப்புல பல வகை பொட்டாசியம் குளோரைட் கலந்ததுதான், கிட்னி நோயாளி வீட்ல அத வாங்கவே வாங்காதீங்க.

முந்துன கேஸ்ல பொட்டாசியம் குறைஞ்சு லாக், இங்க கூடி லாக். வெளிய பொட்டாசியம் ஏறுனா மைனஸ் 90 மெதுவா மேல ஏறும், சோடியம் சேனல் ஒவ்வொண்ணா லாக்குல மாட்டும், மிச்சம் இருக்க கொஞ்சத்த வச்சு இதயம் சிக்னல கடத்துறதால ஈசிஜில கீழறைக்குள்ள சிக்னல் பரவுறத காட்டுற கியூஆர்எஸ்ங்கிற கூரான பகுதி அகண்டுக்கிட்டே போகும். அதுக்கு முந்தியே டி அலை கூரா கூடாரம் மாதிரி நிக்கும். கடைசில எல்லாம் ஒண்ணா கலந்து அலை அலையா ஓடுனா நிமிஷம்தான் கைல இருக்கு.

கால்சியம் குளுகோனேட் ஊசி எதுக்குனு பிள்ளைங்க கேப்பாங்க. அது பொட்டாசியத்த ஒரு துளி கூட குறைக்காது. சவ்வோட வெளிப்பக்கம் சார்ஜ மாத்தி, சோடியம் சேனலுக்கு திரும்ப வேலை செய்ய எடம் குடுக்குது, சில நிமிஷத்துல பலன், அர மணிலேர்ந்து ஒரு மணி வர தாங்கும். அந்த நேரத்துக்குள்ள இன்சுலினும் குளுக்கோஸும் சேத்து குடுத்து பொட்டாசியத்த செல்லுக்குள்ள அனுப்புறாங்க, சால்பூட்டமால் நெபுலைசரும் அதே வேலைதான். ஒடம்ப விட்டு வெளிய தள்ளுறது டயாலிசிஸ். பாருங்க, மேல ஆகாதுன்னு சொன்ன இன்சுலினும் குளுக்கோஸும் இங்க உயிர காக்குது.

ஆளு தெம்பா இருக்காரு, ஈசிஜி நல்லாருக்கு, ரிப்போர்ட்ல மட்டும் பொட்டாசியம் 6.8ன்னா ரத்தம் எடுக்கும்போது செல் ஒடைஞ்சிருக்கலாம், திரும்ப எடுங்க. அதுக்காக டி அலை கூரா இருக்கப்ப ரிப்போர்ட்டுக்காக காத்துக்கிட்டு நிக்காதீங்க.

ஓடுறப்ப, நீந்துறப்ப, சத்தம் கேட்டப்ப பொத்துனு விழுறது

மயக்கம் எல்லாம் ஒண்ணு இல்ல. அழகர் ஆத்துல எறங்குறப்ப கூட்டத்துல மணிக்கணக்கா நின்னு, கண்ணு இருட்டி, வேர்த்து, சரிஞ்சு விழுந்து, படுக்க வச்சதும் எந்திரிச்சா அது பெரும்பாலும் சாதா மயக்கம். எந்த முன்னறிவிப்பும் இல்லாம, அதுவும் ஓடிக்கிட்டு இருக்கப்ப விழுந்தா அப்படியே விட்டுராதீங்க.

மதுரையச் சுத்தி நெறைய பிள்ளைங்க கிணத்துலதான் நீச்சல் பழகுது. நல்லா நீந்தத் தெரிஞ்ச பிள்ளை திடீர்னு முங்கிருச்சுன்னா மூச்சுத் திணறல்னு முடிச்சிடுறோம். இதயத்துல பொட்டாசியம் வெளிய போற சேனல் மெதுவா வேல செஞ்சா ஒவ்வொரு துடிப்பும் அடங்க நேரமாகும், ஈசிஜில கியூஆர்எஸ் ஆரம்பத்துலேர்ந்து டி அலை முடியிற வர இருக்க கியூடி இடைவெளி நீளும். அந்த நீண்ட நேரத்துல தப்பான ஒரு துடிப்பு வந்து விழுந்தா இதயம் முறுக்கி முறுக்கி ஓடி, ரத்தம் மூளைக்குப் போகாம ஆளு விழுவான், சில சமயம் தானா சரியாகும், சில சமயம் ஆகாது. முதல் வகை நீண்ட கியூடிக்கு ஓட்டமும் நீச்சலும் ஆகாது, ரெண்டாவது வகைக்கு அலாரம், போன் மணி, வேட்டு மாதிரி திடீர் சத்தம், மூணாவது வகைல சோடியம் சேனல் லாக் சரியா விழாம ஒழுகுறதால தூக்கத்துலயோ ஓய்வுலயோ வரும். விழுந்தப்ப கை கால் வெட்டும்ங்கிறதால வலிப்புன்னு மாத்திரை எழுதி வருஷக்கணக்கா ஓடிடும். அதனாலதான் வலிப்புன்னு வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு ஈசிஜியாச்சும் எடுத்துருங்கன்னு கெஞ்சி சொல்றேன்.

ஈசிஜில கியூடிய எப்படி பாக்குறது? கியூடிய செகண்ட்ல எடுத்து, ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்க நேரத்தோட வர்க்கமூலத்தால வகுங்க. பல்ஸ் 75ன்னா நடு நேரம் 0.8 செகண்ட், வர்க்கமூலம் 0.894, கியூடி 0.40ன்னா 447 மில்லிசெகண்ட் வரும். ஆம்பளைக்கு 450, பொம்பளைக்கு 460 தாண்டுனா யோசிங்க, 500 தாண்டுனா ஆபத்து.

சொந்தத்துல, தாய்மாமன், அத்தை மகன்னு கல்யாணம் பண்ற நம்ம பக்கத்துக்கு இன்னொண்ணு முக்கியம். பிறவியிலேயே ரெண்டு காதும் கேக்காத பிள்ளை அடிக்கடி மயங்கி விழுந்தா, காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சிராதீங்க. உள்காதுல இருக்க திரவத்துல பொட்டாசியத்த நிரப்புறதும், இதயத்துடிப்ப அடக்குறதும் ஒரே சேனல். அம்மாகிட்டேயும் அப்பாகிட்டேயும் இருந்து கோளாறான ஜீன் ரெண்டும் சேந்து வந்தா காதும் போகும், கியூடியும் நீளும். 1957ல நார்வேல ஜெர்வெல், லாங்கே நீல்சன் ரெண்டு பேரும் ஒரு குடும்பத்துப் பிள்ளைங்கள வச்சு எழுதுனது இது. காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனுக்கு முந்தி இந்த பிள்ளைகளுக்கு ஈசிஜில கியூடிய குறிப்பா அளக்கச் சொல்லுங்க. நீண்ட கியூடி இருக்க நெறைய பேர புரோப்ரனலால் மாதிரி மாத்திரை காப்பாத்துது.

பிறவிக் கோளாறே இல்லாதவங்களுக்கும் மாத்திரையால இது வரும். ஹெர்க்னு சொல்ற பொட்டாசியம் சேனலோட உள்குழி அகலமா இருக்கதால எத்தனையோ மருந்து அதுல போயி ஒட்டிக்குது. அசித்ரோமைசின், ஆன்டன்செட்ரான், டாம்பெரிடோன், ஹாலோபெரிடால், ஃப்ளூகோனசோல் எல்லாம் இந்த லிஸ்ட்ல இருக்கு. டெர்ஃபெனடின்ங்கிற அலர்ஜி மாத்திரைய அமெரிக்காவுல 1998ல நிறுத்துனதே இதனாலதான். ஒரு மாத்திரை தனியா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. வாந்தி பேதில பொட்டாசியம் இறங்கியிருக்கு, அதோட மெடிக்கல்ல கேட்டு வாங்குன ரெண்டு மூணு மாத்திரை சேந்துருச்சுன்னாதான் வினை. அதுக்குத்தான் மாத்திரை அட்டை அம்புட்டையும் பையில போட்டு கொண்டு போங்கன்னு சொல்றது.

சும்மா உக்காந்துருக்கப்ப படபடப்பு

இதுல பெரும்பாலும் சேனல் குத்தம் இல்ல. ரத்த சோகை, தைராய்டு, காப்பி, பயம் பாருங்க முதல்ல. இதயத்துல துடிப்ப ஆரம்பிச்சு வைக்கிற பேஸ்மேக்கர் செல்லுல துடிப்புகளுக்கு நடுவுல மெதுவா சோடியத்த உள்ள விட்டு அடுத்த துடிப்ப கெளப்புற தனி சேனல் இருக்கு, ஐவாபிரடின் மாத்திரை அத தடுத்துதான் துடிப்ப குறைக்குது. அந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு கண்ணுல பளிச்சுனு வெளிச்சம் தெரியுறதுக்கும் காரணம் விழித்திரைலயும் அதே குடும்பத்து சேனல் இருக்கதுதான், டாக்டர்கிட்ட சொல்லுங்க, பயப்பட வேணாம்.

ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு காய்ச்சல்ல நீண்ட வலிப்பு

6 மாசத்துலேர்ந்து 5 வயசு வர காய்ச்சல்ல வர்ற குட்டி வலிப்பு பெரும்பாலும் தானா நின்னுரும். ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, கைல சாவிக்கொத்து குடுக்குறதால ஒரு பலனும் இல்ல. 5 நிமிஷம் தாண்டுனா ஆஸ்பத்திரி.

ஆனா ஒரு வயசுக்குள்ளேயே அர மணி நேரம் இழுக்குது, ஒரு தடவ வலப்பக்கம் ஒரு தடவ இடப்பக்கம்னு மாறி வருது, வெந்நில குளிப்பாட்டுனாலே வருதுன்னா டிராவெட் நோயானு கேளுங்க. மூளைய அடக்குற நரம்பு செல்லுல இருக்க சோடியம் சேனல் பாதி இல்லாமப்போற நோய் அது. சாதாரண வலிப்புக்கு கை கண்ட மருந்தான கார்பமசெபின், ஃபெனிடாயின் எல்லாம் சோடியம் சேனல தடுக்குற மருந்து. ஏற்கனவே அடக்குறவன் கைல பலம் இல்ல, அவன் கையையும் கட்டுனா வலிப்பு கூடத்தானே செய்யும். மருந்த ஏத்த ஏத்த வலிப்பு கூடுதுன்னா அத டாக்டர்கிட்ட அழுத்திச் சொல்லுங்க, நீங்களா நிறுத்திராதீங்க.

வாயச் சுத்தி மதமதப்பு, விரல் கூம்பிப்போகுது

கால்சியம். வெளிய கால்சியம் குறைஞ்சா சோடியம் சேனல் லேசா தொட்டாலே தெறந்துக்குது, நரம்பு தானா சிக்னல் விடுது. தைராய்டு ஆபரேஷன் முடிஞ்ச சில நாள்ல வந்தா உடனே போங்க. அழுது வேகவேகமா மூச்சு விட்ட பிள்ளைக்கு வந்தா மூச்சு மெதுவானதும் சரியாகும்.

தேள் கொட்டுச்சு, வேர்த்து ஊத்துது, கை கால் ஜில்லுனு இருக்கு

கொட்டுன எடத்துல வலி மட்டும்னா பெரிய பயமில்ல. செந்தேள் கொட்டி பிள்ளைக்கு சட்டை நனையிற அளவு வேர்வை, வாந்தி, கை கால் சில்லிப்பு வந்தா அதோட விஷம் சோடியம் சேனல் லாக் விழ விடாம பண்ணுதுன்னு அர்த்தம். மேல லாக் விழுந்ததால வாதம், இங்க லாக் விழாததால நரம்பு நிக்காம சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கு, பிரஷர் ஏறி, இதயம் களைச்சு, நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மகாராஷ்டிரா மகாட்ல டாக்டர் பவாஸ்கர் பிரசோசின் மாத்திரைய குடுத்து எத்தனையோ பேர காப்பாத்தி உலகத்துக்கே காட்டுனாரு. மந்திரிக்கப் போற நேரத்துல பெரியாஸ்பத்திரி வந்து சேந்துரலாம்.

கட்டுவிரியன் இதுக்கு நேரெதிர். ராத்திரி தரைல தூங்குறப்ப கடிக்கும், வலி தெரியாது, தழும்பும் தெரியாது, விடியக்காலைல வயித்து வலி, அப்புறம் இமை தொங்கும், அப்புறம் மூச்சு. நரம்பு தசைக்கு ஆணை சொல்ற முனையையே விஷம் கெடுத்துரும், தசைல அத வாங்குற சேனலையும் அடைக்கும். கட்டாதீங்க, கீறாதீங்க, 108 கூப்புடுங்க. மூச்சுக்கு மெஷின் வச்சு தாங்குனா ஆளு பெரும்பாலும் பொழைச்சிருவாரு.

அரளி விதை வாயில போட்டுட்டாங்க

குழந்தை வெளாட்டா கடிச்சிருந்தாலும் சரி, மனசு ஒடைஞ்சு யாரும் சாப்பிட்டிருந்தாலும் சரி, ஒரே வழி ஆஸ்பத்திரி. அரளில இருக்க பொருள் அந்த சோடியம் பொட்டாசியம் பம்பையே நிறுத்திரும், பொட்டாசியம் வெளிய தேங்கும், இதயத்துக்குள்ள கால்சியம் ஏறும், துடிப்பு மெதுவாகி கடத்தலே அடைபட்டுப் போகும். உப்புத்தண்ணி, சாணித்தண்ணி கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க. வந்தப்ப நல்லாத்தான் இருந்தாருன்னு வீட்டுக்கு கூட்டிட்டு போகாதீங்க, கோளாறு மறுநாள் கூட வரும், மானிட்டர்லயே இருக்கணும். மனசு சரியில்லாதவங்க வீட்ல இருந்தா 104க்கோ 14416க்கோ எந்த நேரமும் பேசலாம், திட்டாம கூட உக்காருங்க.

சுகர்காரங்களுக்கு பாத எரிச்சல், மாத்திரை போட்டும் அடங்கல

பிரகாபலின், காபாபென்டின் ரெண்டும் நரம்பு முனைல கால்சியம் சேனலோட ஒட்டியிருக்க ஒரு துணைப் பகுதிய பிடிச்சு வலி சிக்னல குறைக்குது. சேதமான நரம்ப அது சரி பண்ணாது, சுகர் கட்டுக்குள்ள வந்தாத்தான் மேல கெடாம நிக்கும். அடங்கலன்னு நீங்களா ரெண்டு மூணுன்னு ஏத்திக்கிட்டா தூக்கமும் தள்ளாட்டமும்தான் மிஞ்சும், கிட்னி பாதிச்சிருந்தா மருந்து உடம்புல தேங்கி இன்னும் மோசம். கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரிப்போர்ட்ட கைல வச்சுக்கிட்டு டோஸ டாக்டர்கிட்ட கேளுங்க, பல மாசமா சாப்பிட்டுட்டு ஒரே நாள்ல நிறுத்தவும் செய்யாதீங்க, மெதுவா குறைச்சுத்தான் நிறுத்தணும்.